பழகுத கூலி

மேலகரத்தைத் தாண்டிக் குற்றாலம் போகிற ரோட்டோரத்தில் எங்கள் மர மில். விடியக் கருக்கலில், காக்கை கரைவதற்கு முன்னாலேயே, அங்கே வாள் இழுக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ஆள் உயரத்துக்கு ஒரு குழி. குழியின் குறுக்கே உத்தரம் போட்டு, அதன் மேல் மரத்தடியை உருட்டி வைத்திருப்பார்கள். ஒருத்தன் தடி மேல் நிற்பான், ஒருத்தன் குழிக்குள் நிற்பான். இரண்டு பேருக்கும் நடுவில் ஆளை விட நீளமான வாள். மேலாள் இழுக்கும்போது கீழாள் விட்டுக்கொடுக்க வேண்டும். கீழாள் இழுக்கும்போது மேலாள் விட்டுக்கொடுக்க வேண்டும். மேலே நிற்கிறவனுக்கு இடுப்புதான் போகும். கீழே நிற்கிறவனுக்குப் போகாத உறுப்பு கிடையாது. ஒவ்வோர் இழுப்புக்கும் தூள் முகத்தில் கொட்டும். மூக்கு, காது, இமை, பல்லிடுக்கு என்று ஓரிடம் பாக்கி இராது.

என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் கீழாள். அவருக்கு மேலாள் மந்திரமூர்த்தி அண்ணன். நான் பேராச்சி, அறுத்து விழுகிற பலகையைச் சுமந்து அடுக்குகிறவள். என்னோடு சேர்ந்து சுமக்க வடகரையிலிருந்து ஜன்னத் வருவாள். கல்யாணமான புதிதில், 'அவர் தும்மினாக்கூடத் தேக்கு மணக்குது' என்று என் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பின்னால் அவர் இருமத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

இப்போது சில பேர் கைவாள் அறுப்பின் நேர்த்தி, அந்தக் காலத்து உழைப்பின் அழகு என்றெல்லாம் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்களைப் பிடித்து ஒரு பொழுது, ஒரே ஒரு பொழுது, குழிக்குள் இறக்கிவிட எனக்குக் கை துறுதுறுக்கும். அழகாம் அழகு! எங்களுக்குக் குழி வேண்டாம், மெஷின்தான் வேண்டும். கும்பிட்ட சாமியிடமெல்லாம் நாங்கள் அதைத்தான் கேட்டோம்.

அறுபத்து நாலாம் வருஷம் மெஷின் வந்தது. லாரியிலிருந்து சாக்கை அவிழ்த்து இறக்கினார்கள். இரண்டு பெரிய சக்கரம், அவற்றைச் சுற்றி ஓடுகிற நாடா வாள், பக்கத்தில் கரண்டு மோட்டார், மோட்டாரையும் சக்கரத்தையும் பூட்டுகிற தோல் வார். நாங்கள் ஒரு பொழுதெல்லாம் இழுக்கிற தடியை அது வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்தில் பிளந்து தள்ளிவிடும் என்றார்கள். அதை ஓட்டுவதற்கு நாசரேத்துப் பக்கத்திலிருந்து அருமைநாயகம் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் வேதக்காரர். வாய்க்குள் கொழுக்கட்டை வைத்த மாதிரி யாரோடும் பேசமாட்டார்.

மெஷின் வந்துவிட்டது, இனி நமக்குச் சீட்டுக் கிழிந்தது என்று எல்லோரும் முகம் செத்து நின்றோம். அப்போதுதான் முதலாளி பால்வண்ணநாதன் வெளியே வந்தார். கோயில் காரியத்துக்கெல்லாம் முன்னால் நிற்கிற குடும்பம். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய 'மக்கா'.

"என்ன மக்கா, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிய? மெஷின் வந்தா ஒங்களை வெரட்டிருவேன்னு நெனச்சியளா? ஒங்களை விட்டுட்டு எனக்கு மில்லு எதுக்கு? அம்புட்டு பேருக்கும் மெஷின் வேலை பழக்கித் தாரேன். பழகுத வரைக்கும் பழகுத கூலி. பழகின பொறவு மெஷின்காரன் கூலி."

"பழகுத கூலின்னா எவ்வளவு மொதலாளி?" என்று மந்திரமூர்த்தி அண்ணன் கேட்டார்.

"இப்பம் வாங்குததுல பாதி. பள்ளிக்கூடத்துல படிக்கதுக்கு நாமதான காசு கெட்டுதோம்? இங்கன படிக்கவனுக்கு நான் காசு தாரேம்லா? எது லாவம்னு நீயே சொல்லு மந்திரமூர்த்தி."

எல்லோரும் சிரித்துவிட்டோம். என்னைக் கேட்டால் நான் கால் கூலிக்கும் தலையாட்டியிருப்பேன். என் புருஷன் அந்தக் குழியை விட்டு மேலே ஏறி வரப் போகிறார், தொண்டை தெளியப் போகிறது, வேறென்ன வேண்டும் எனக்கு? அன்றைக்கு எங்கள் முதலாளியை யாராவது ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்களோடு மல்லுக்கு நின்றிருப்பேன்.

எங்கள் பக்கம் தொழில் பழகப் போகிறவன் வெறுங்கையோடு போய் நிற்கமாட்டான். விஜயதசமியன்று வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறவர் கையில் கொடுப்பான். வாங்கிக்கொண்டவர் அவனிடம் தொழிலை ஒளிக்கக் கூடாது. வெற்றிலையை வாங்கிக்கொண்டு தொழிலை ஒளித்தவனை ஊரில் ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள். அந்த வருஷம் நாங்களும் தட்டு வாங்கி வைத்தோம். யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் தகராறு வந்தது.

"மெஷின்காரருக்குத்தான் வைக்கணும். அவருதான பழக்கித் தரப் போறாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவரு வேதக்காரருலா? பூசையில வச்ச வெத்தலையை வாங்குவாரோ மாட்டாரோ? நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்னுட்டார்னா மனசுக்குச் சங்கடம்" என்றார் மந்திரமூர்த்தி அண்ணன். "பழக்கித் தாரேன்னு வாய் விட்டுச் சொன்னவரு மொதலாளிதான? அவருட்டயே வச்சிருவோம்."

அப்படியே வைத்தோம். முதலாளி தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அருமைநாயகம் அடிபம்புக்குப் பக்கத்தில் ஈரக் கையோடு நின்றிருந்தார். அவருக்கும் பொரி கடலை கொடுத்தோம். வாங்கி அப்படியே திண்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பார்த்தாயா, வேதக்காரர் தொடமாட்டார் என்று சொன்னேன் அல்லவா என்று மந்திரமூர்த்தி அண்ணன் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு பழகினோம், பழகினோம், அப்படிப் பழகினோம்! தடியை உருட்டிக்கொண்டு வந்து மெஷின் வாயில் வைத்தோம். தூளைக் கூட்டி அள்ளினோம். லாரியில் பலகை ஏற்றினோம். மெஷின் பக்கத்தில் போனால் அருமைநாயகம் எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொள்வார். வாளை மாட்டுவதா, முறுக்குவதா, பல் தீட்டுவதா, எதுவானாலும் நாங்கள் பார்த்தது அவர் முதுகைத்தான். என் வீட்டுக்காரர் விடாக்கண்டர்.

"அண்ணாச்சி, இந்தத் திருகை எதுக்கு இறுக்குதிய?"

"அது ஒமக்கு எதுக்கு? தடியைத் தள்ளும்."

"வாளு எப்பம் சூடாகும்னு எப்படிக் கண்டுபிடிக்கது?"

"தடியைத் தள்ளும்வே."

முதலாளியிடம் முறையிட்டால், "பார்த்துப் பழகுங்கலே. எல்லாத்தையும் சோறு மாதிரி ஊட்டியா விடுவாங்க?" என்றார். முதுகைப் பார்த்து என்னத்தைப் பழகுவது? முதுகு சொறிய வேண்டுமானால் பழகலாம். நானும் ஜன்னத்தும் அந்த மனிதருக்கு முதுகுநாயகம் என்று பெயர் வைத்தோம்.

குழியாவது ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. மெஷினில் ஏறாத பெருந்தடி வரும்போதெல்லாம் அதே குழி, அதே வாள், அதே ஆட்கள். கூலி மட்டும் பழகுத கூலி.

தை மாதத்தில் சர்க்காரிலிருந்து ஓர் ஆபீசர் ஜீப்பில் வந்தார். மெஷின் வாங்குவதற்கு முதலாளி சர்க்கார் உதவி வாங்கியிருந்தார் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். உள்ளூர் ஆட்களுக்குத் தொழில் பழக்குகிறேன் என்று சொல்லி வாங்கியிருக்கிறார். காலையிலேயே ஆண்கள் எல்லோருக்கும் புதுக் காக்கிச் சட்டை கொடுத்து மெஷினைச் சுற்றி நிற்க வைத்தார். என் வீட்டுக்காரருக்குச் சட்டை அளவாக இருந்தது. பொத்தானைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஆபீசர் வந்து, "என்னப்பா, எல்லாரும் பழகுறீங்களா?" என்று கேட்டார்.

"பழகுதோம் அய்யா!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பொய்யில்லை. தினமும் முகம் பார்க்கிற ஆளோடு பழகுகிறோம் என்று சொல்லமாட்டோமா, அந்த மாதிரி மெஷினோடு பழகிக்கொண்டுதானே இருந்தார்கள். ஆபீசர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார், முதுகில் தட்டிக் கொடுத்தார், போய்விட்டார். ஜீப் வளைவைத் தாண்டியதோ இல்லையோ, "கழத்துங்கலே சட்டையை, அழுக்காக்கிராதிய" என்றார் முதலாளி. கழற்றி மடித்துக் கொடுத்தார்கள். பனியனோடும் வெற்றுடம்போடும் மறுபடியும் தடி உருட்டப் போனார்கள். அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது.

ஆடி பிறந்து குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டது. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, ரோடெல்லாம் வண்டி, லாட்ஜுக்காரர் ஒருவருக்கு உடனே பலகை வேண்டும். அருமைநாயகம் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார்; வேதக்காரர்களுக்கு ஆடி விலக்கு இல்லை. முதலாளி வந்து நின்றார்.

"ஏலே குற்றாலிங்கம், வா. இன்னைக்கு நீ ஓட்டு."

"எனக்கு ஓட்டத் தெரியாதே மொதலாளி."

"இத்தனை நாளா கூலி வாங்கிக்கிட்டு என்னத்தலே பார்த்த? தடியைத் தள்ளணும், பலகையை வாங்கணும், அம்புட்டுதான. முடியலைன்னா சொல்லு, காலம் பூரா குழியிலேயே கெட."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பயம் இருந்தது. பயத்தைவிட ஆசை கூடுதலாக இருந்தது. முதலாளி சுவிட்ச் அறைக்குள் போய் மோட்டாரைப் போட்டார். அறையைப் பூட்டினார். 'கண்டவனும் கையை வைப்பான்' என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, லாட்ஜுக்காரரைப் பார்க்கக் காரில் குற்றாலத்துக்குப் போய்விட்டார்.

முதல் தடி நன்றாக அறுந்தது. என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இரண்டாவது தடி சாரலில் ஊறிப் போயிருந்தது. பாதியில் வாள் சிக்கியது, மோட்டார் உறுமியது. தடியைப் பின்னால் இழுக்கலாம் என்று குனிந்தார். தோளில் கிடந்த துண்டின் நுனி வாருக்குள் போனது. துண்டு போன வழியே வலது கையும் போனது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று எல்லோரும் கத்தினோம். யார் நிறுத்துவது? எதைத் தொட்டால் நிற்கும்? ஒருத்தருக்கும் தெரியவில்லை. மந்திரமூர்த்தி அண்ணன் சுவிட்ச் அறைக் கதவில் போய்ப் போய் மோதினார். பூட்டு அசையவில்லை. நான் என் வீட்டுக்காரர் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். ஜன்னத் என்னைப் பிடித்து இழுத்தாள். கடைசியில் மந்திரமூர்த்தி அண்ணன் கடப்பாரையைக் கொண்டுவந்து வாருக்கு அடியில் கொடுத்து நெம்பித் தள்ளினார். வார் கழன்று விழுந்தது. மோட்டார் தன்பாட்டுக்குச் சும்மா ஓடிக்கொண்டே இருந்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் கையை வெட்டவில்லை. அதற்கு டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் கை இருக்கிறதே தவிர அதில் பிடி இல்லை. ஒரு தம்ளரைக்கூட அது தூக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளி வந்து பார்க்கவில்லை. நாங்களே மில் ஆபீசுக்குப் போனோம். கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஏட்டி பேராச்சி, ஒம் புருசனுக்கு யாரு மெஷினைத் தொடச் சொன்னது? அவன் குழிக்காரன்தான?"

நான் விடவில்லை. "நீங்கதான மொதலாளி ஓட்டச் சொன்னிய? சாவியை இடுப்புல சொருகிட்டுப் போனிய. இத்தனை பேரு பார்த்துக்கிட்டுத்தான நின்னோம்."

"தடியை எடுத்து வைன்னு சொல்லியிருப்பேன். ஓட்டச் சொல்லுவனா? பழக்கமில்லாதவனை ஓட்டச் சொல்ல எனக்கென்ன கோட்டியா?"

"ஆபீசர்ட்ட எல்லாரும் பழகுதவங்கன்னு சொன்னியளே?" என்று மந்திரமூர்த்தி அண்ணன் கேட்டார்.

"பழகுதவங்கன்னுதான் சொன்னேன். பழகிட்டாங்கன்னு சொன்னனா? பழகுதவன் சூதானமாப் பழகணும். கையைக் கொண்டுபோய்க் கொடுத்தா அது அவன் பாடு." வேட்டி நுனியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "நானும் எம்புட்டு நாளு பொறுத்துப் பார்க்கது? பாதிக் கூலி தெண்டமாக் கொடுத்துப் பழக்கினேன். ஒருத்தனுக்கும் தொழில் ஏறலை. திங்கக்கெழமை மண்ணு லாரி வரும், குழியை மூடுதேன். பழகின ஆட்களா வெளியிலேர்ந்து கொண்டாரப் போறேன். நீங்க வேற எடம் பார்த்துக்கிடுங்க மக்கா."

அந்த 'மக்கா'தான் என்னைக் கொன்றது. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கை போனது ஒரு பக்கம். சொல்லிக் கொடுக்காமலே ஏமாற்றிவிட்டு, உங்களுக்குத் தொழில் ஏறவில்லை என்று எங்கள் தலையிலேயே பழியைக் கவிழ்த்தாரே, அதை என்னால் இன்றைக்கும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

தென்காசித் தொழிலாளர் சங்கத்திலிருந்து நல்லதம்பி என்பவர் வந்தார். எங்களைச் சுற்றி உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"பழகதுக்குன்னு ஆள் எடுத்தா ஒழுங்காப் பழக்கிக் கொடுக்கணும்னு இப்பம் சட்டமே இருக்கு. பழகுதவனுக்கு அடிபட்டாலும் மொதலாளிதான் பொறுப்பு" என்றார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டினார். "அவசரப்படாதிய. அவரு தப்பிக்கதுக்கு வழி பார்ப்பாரு. ஆபீசர்ட்ட ஒங்களைப் பழகுதவங்கன்னு சொன்ன வாய், இப்பம் தினக்கூலின்னு சொல்லும். பழக்கினேன், இவங்களுக்கு வரலைன்னும் சொல்லும். பழக்கவே இல்லைன்னு சொல்லக்கூடிய ஆளு ஒருத்தருதான். அந்த மெஷின்காரரு வாயைத் திறந்தா கொஞ்சம் பிடி கெடைக்கும்."

"முதுகுதான? அது எங்க வாயைத் திறக்கப் போகுது!" என்றாள் ஜன்னத்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்து அருமைநாயகம் தென்காசியில் தன் அறைக்குத் திரும்பியிருந்தார். நான் தேடிப் போய்ப் படியேறும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"முதுகைக் காட்டிக் காட்டியே ஒரு மனுசன் கையை வாங்கிட்டியளே அண்ணாச்சி! இப்பம் மனசு குளுந்துச்சா?"

"உள்ள வாம்மா. உக்காரு."

"உக்கார வரலை."

அவர் கட்டிலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். "வாருக்குப் பக்கத்துல செவப்புக் கைப்பிடி ஒண்ணு இருக்கும். நீங்கள்லாம் தூக்குவாளி மாட்டுதியளே."

"ஆமா. எறும்பு ஏறாம இருக்கட்டும்னு மாட்டுதோம். அதுக்கென்ன இப்பம்?"

"அது மாட்டுததுக்கு இல்லம்மா. மெஷினை நிறுத்துததுக்கு. இழுத்தா வார் சும்மா சுத்துத சக்கரத்துக்கு நகர்ந்திரும். மோட்டார் ஓடினாலும் மெஷின் நின்னுரும். நான் எப்பமும் உள்ள போயி சுவிட்சை அணைச்சே நிறுத்துவேன், அதனால நீங்க பார்த்திருக்கமாட்டிய."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். கை எட்டுகிற தூரம். என் வீட்டுக்காரர் கை வாருக்குள் போய்க்கொண்டிருந்தபோது அதற்குப் பக்கத்தில்தான் நான் நின்றேன். அன்றைக்கும் அதில் அவருடைய கஞ்சி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை, ஒரு நாள், எப்போதாவது யாராவது சொல்லியிருந்தால்!

"பாவி! தூக்குவாளியை மாட்டும்போதெல்லாம் பார்த்துக்கிட்டுத்தான இருந்திய? எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. எதுக்குன்னு கேப்பிய. சொன்னா, சொல்லிக் கொடுத்ததா ஆயிரும்." அவர் தலை நிமிரவில்லை. "மொதலாளி அப்படி உத்தரவு. 'இவங்க பழகிட்டா பொறவு நீ எனக்கு எதுக்கு?'ன்னு கேட்டாரு. எனக்கும் பயம் வந்துட்டு. ஊர்ல ஏகப்பட்ட வாயி இருக்கும்மா சோறு போட."

"எங்களுக்கு மட்டும் வாயில்லையா?"

"இல்லைங்கலை. அன்னைக்கு விஜயதசமிக்கு நீங்க வெத்தலை வாங்கி வச்சது தெரியும். பழக வந்தவங்க எனக்குத்தான் வைப்பாங்கன்னு நெனச்சேன். எங்க அப்பாவும் தொழில்காரருதான், எத்தனையோ பேருட்ட வெத்தலை வாங்கியிருக்காரு. கையெல்லாம் எண்ணெய்னு அடிபம்புல கழுவிட்டு வந்து நின்னேன். நீங்க மொதலாளிட்ட கொடுத்திய. சரி, தொழில் என்கிட்ட இல்ல, அவருட்டத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் முதுகைத் திருப்பதுக்கு எனக்குக் கஷ்டமா இல்ல."

நாங்கள் அவர் மனது நோகக் கூடாது என்று நினைத்து அவரை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அவர் ஈரக் கையோடு காத்து நின்றிருக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் முதலாளி தேங்காயை உடைத்துத் தின்றுவிட்டுப் போய்விட்டார்! அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஆனால் என் புருஷன் கையை நினைத்ததும் இரக்கமெல்லாம் வற்றிவிட்டது.

"நாளைக்குக் காலையில நாங்க குழி ஓரத்துல உக்காருதோம். மண்ணு கொட்டணும்னா எங்க மேலதான் கொட்டணும். ஒங்களுக்கு மனசு இருந்தா வாங்க. இல்லைன்னா இந்த முதுகோடயே இரிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடியும்போது சாரல் விழுந்துகொண்டிருந்தது. வழக்கம்போல வந்தோம், ஆனால் வாளை எடுக்கவில்லை. குழியைச் சுற்றி உட்கார்ந்தோம். நல்லதம்பியும் வந்து எங்களோடு ஈரத்தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என் வீட்டுக்காரரைப் படுத்திருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். கேட்கிற ஆளா? கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு மெல்ல நடந்தே வந்து சேர்ந்தார். மந்திரமூர்த்தி அண்ணன் எழுந்து இடம் விட்டார். குழியை விட்டு ஏறி வரத் தவித்த மனிதர், அதை மூடக் கூடாது என்று அதன் ஓரத்தில் உட்கார வேண்டியதாயிற்றே!

செம்மண் லாரி வந்து நின்றது. அதற்குப் பின்னால் முதலாளியின் கார்.

"எழுந்திரிங்கலே! இது யாரு எடம்னு நெனச்சிய?"

"எடம் ஒங்களுது மொதலாளி" என்றார் மந்திரமூர்த்தி அண்ணன். உட்கார்ந்தபடியேதான் சொன்னார். "பழக்கித் தாரேன்னு நீங்க சொன்ன வாக்கு எங்களுது. பாதிக் கூலிக்கு எதுக்கு ஒத்துக்கிட்டோம்? பழகதுக்கு. மிச்சப் பாதியை நீங்க எடுத்துக்கிட்டிய, தொழிலையும் கொடுக்கலை. இப்பம் பழக்குங்க. மெஷின்காரன் கூலி கொடுங்க. குற்றாலிங்கத்துக்கு இந்த மில்லுலயே உக்காந்து செய்யக்கூடிய வேலை ஒண்ணு கொடுங்க. அதுவரைக்கும் எழுந்திரிக்கமாட்டோம்."

"தொழில் ஏறாத கூட்டத்துக்குத் திமிரு மட்டும் ஏறியிருக்கோ? சங்கம்னு ஒருத்தன் வந்து உக்காந்தா நான் பயந்திருவனா? இன்னைக்கே மெஷின் ஓடும், பார்த்துக்கிட்டே இரிங்க." ரோட்டைப் பார்த்துத் திரும்பினார். அருமைநாயகம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். "வாரும்வே அருமைநாயகம். மெஷினைப் போடும்."

அருமைநாயகம் சைக்கிளை நிறுத்தினார். சுவிட்ச் அறைப் பக்கம் நடந்தார். ஜன்னத் என் கையைப் பிடித்து நெரித்தாள். அவர் பாதி வழியில் நின்றார். சட்டைப்பையிலிருந்து தன்னிடம் இருந்த சுவிட்ச் அறைச் சாவியை எடுத்து முதலாளி முன்னால் நீட்டினார்.

"இந்தாங்க."

"என்னது இது?"

"இவங்களுக்குத் தொழில் ஏறலைன்னு சொல்லுதியளாம். நான் சொல்லிக் கொடுத்தாத்தான ஏறும்? சொல்லிக் கொடுக்காதன்னு நீங்கதான் சொன்னிய. நானும் சரின்னு முதுகைத் திருப்பினேன். அந்த ஆளு கை போனதுல எனக்கும் பங்கு இருக்கு. யாரு கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன், அதிகாரி கேட்டாலும் சொல்லுவேன்."

"ஒனக்கு நான் என்னவே கொறை வச்சேன்? மூணு வேளை சோத்துக்கு வழி பண்ணினேன்."

"கொறை ஒண்ணும் இல்ல மொதலாளி. அதான் இத்தனை நாளும் பேசாம இருந்தேன்."

சாவியை முதலாளி வாங்கவில்லை. அருமைநாயகம் அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்து நடந்து வந்தார். நேருக்கு நேர் அந்த மனிதர் முகத்தை நாங்கள் பார்த்ததே அன்றைக்குத்தான் என்று தோன்றியது. என் வீட்டுக்காரருக்கு முன்னால் வந்து நின்று கையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் இடது கையால் பக்கத்துத் தரையைத் தட்டிக் காட்டினார்.

"உக்காருங்க அண்ணாச்சி. தரை ஈரமாத்தான் இருக்கு."

முதலாளி போலீசுக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாகக் கத்திவிட்டு ஆபீசுக்குள் போனார். மண் லாரி டிரைவர் கொஞ்ச நேரம் எங்களையும் ஆபீசையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இறங்கி ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சக்கரத்தடியில் குந்திவிட்டார். போலீஸ் வருமோ, அதிகாரி வருவாரோ, எது முந்தி வரும் என்று யாருக்கும் தெரியாது. நல்லதம்பியிடம் கேட்டேன். நாலு நாளோ நாற்பது நாளோ, உட்கார்ந்தால் எழுந்திருக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"சும்மா உக்காந்திருக்க நேரத்துக்கு" என்று என் வீட்டுக்காரர் அருமைநாயகத்தைப் பார்த்துச் சொன்னார், "அந்த மெஷினைப் பத்திச் சொல்லுங்களேன் அண்ணாச்சி."

அருமைநாயகம் ஒரு சிராயை எடுத்தார். ஈரமண்ணில் இரண்டு சக்கரம் போட்டார், வாள் போட்டார், மோட்டார் போட்டார், வார் போட்டார். ஆண்கள் எல்லோரும் தலையை நீட்டினார்கள். எனக்குப் படம் மறைந்தது.

"தள்ளி உக்காருங்க, எங்களுக்கும் தெரியணும்" என்று நானும் ஜன்னத்தும் இடித்துப் பிடித்து முன்னால் போய் உட்கார்ந்தோம். பலகை சுமக்கிறவளுக்கு இது எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேட்டவன் பாடு திண்டாட்டம்தான்.

"எதுல இருந்து ஆரம்பிக்கது அண்ணாச்சி? ஓட்டுததுல இருந்தா?" என்றார் மந்திரமூர்த்தி அண்ணன்.

"இல்ல. நிறுத்துததுல இருந்து. எந்த மெஷினானாலும் மொதல்ல நிறுத்தப் பழகணும்."

"அதை இன்னைக்குக் காலையிலேயே பழகிட்டோமே அண்ணாச்சி!" என்றாள் ஜன்னத்.

குழியைச் சுற்றி அப்படி ஒரு சிரிப்பு எழுந்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்துவிட்டது, இருமிக்கொண்டே சிரித்தார். ஆபீஸ் ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. சாரல் வலுத்து மண்ணில் போட்ட சக்கரங்கள் கரைந்தன. அருமைநாயகம் கையால் தடவிச் சமன் செய்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.